மூன்றாவது கிராஸின் அருள்வாக்கு

மானுட குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. பெங்களூரு அடுகோடியின் மூன்றாவது கிராஸ் என்கிற குறுக்குத்தெரு, எத்தனையோ தலைமுறைகளாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்துவிட்டு, சென்ற டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைப் பூசைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, விழித்தெழுந்தது. விழித்தெழுவதற்கு அது தேர்ந்தெடுத்த இடம் பிரிஜெட் வீட்டு மாடிப்படி. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பிரிஜெட் வேறொரு நாள் சொல்லியிருப்பாள். டிசம்பர், அங்கே அவரைக்காய் என்று சொல்கிற மொச்சைக்காயின் மாதம். ஓசூர் ரோடு முழுக்க மூட்டை மூட்டையாக இறங்கும். காயை உரித்து, கொட்டையை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒவ்வொன்றாக இரண்டு விரலில் வைத்து அழுத்தினால், தோல் கையில் நிற்க, பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் போய் விழும். பிதுக்கம்பருப்பு. பொம்மசந்திராவில் கம்பெனி வேலை பார்க்கும் பையன்களுக்கு பிரிஜெட் அனுப்புகிற சாப்பாட்டு டப்பாவில் அந்தக் குழம்பு இருக்கிற நாளில், டப்பா நக்கிவிட்ட மாதிரி காலியாகத் திரும்பி வரும்.

பிதுக்குவதற்கு அவளுக்குத் துணை நிருபமா. மாடியில், தகர ஷீட் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருப்பவள். ஒடிசாவில் பாலசோர் பக்கத்துப் பெண். புருஷன் பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் வாளி வார்க்கிற கம்பெனியில் இருக்கிறான். நிருபமா தமிழ் கற்றது முழுக்க பிரிஜெட்டின் சமையலறையில்தான். அதனால் எண்ணெய் தெறித்தால் "சேசுவே" என்பாள், கழுத்தில் ஜெகந்நாதர் டாலர் ஆட.

விடிகிற நேரத்தில் சன்னல் கம்பிக்கு வெளியே பனி நிற்கும். எதிர்வீட்டு லேத் பட்டறை தெரியாது, மரம் தெரியாது, தெருவே தெரியாது. உள்ளே அடுப்பு நீராவி. இரண்டு பெண்களும் பேசாமல் பிதுக்குவார்கள். பருப்பு விழுகிற சத்தம் ஒரே சீராக, தூரத்தில் யாரோ செபமாலை உருட்டுவது போலக் கேட்கும். பிரிஜெட்டுக்குப் பாதித் தூக்கத்திலேயே கை ஓடும். இந்தப் பனி, இந்தப் பருப்பு, பக்கத்தில் இந்தப் பெண்ணின் மூச்சு, இவ்வளவும் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றுவதுண்டு. இவ்வளவும் போய்விடும் என்று தோன்றியதில்லை.

பிரிஜெட்டின் கணவர் டென்சில், கியர் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். விருப்பம் கம்பெனியுடையது. அவருக்கு உலகில் ஒரே ஒரு சொத்து, குரல். ஞாயிறு தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் அவர்தான் வாசிப்பார். அந்தக் குரல் கோயிலின் பின் பெஞ்சு வரைக்கும் சாம்பிராணிப் புகை போல நகர்ந்து போகும். அர்த்தம் பின்னால் வரும், வராமலும் போகும். கடைசியில் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று இறக்குவார். கோயில் மொத்தமும் "இறைவா, உமக்கு நன்றி" என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் கையில் தாள் இல்லாவிட்டால் டென்சிலுக்குப் பேச வராது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட, காபி நன்றாக இருக்கிறது என்பதை அவருடைய அக்கா ஆஞ்சலாதான் சொன்னாள்.

இந்தக் குரலைக் கண்டுபிடித்தவன் கிளிஃபர்ட். வாடகை வீடு பிடித்துத் தருகிற புரோக்கர். அதே கோயில், அதே தெரு. தெருவுக்குக் குப்பை வண்டி வருவதில்லை என்ற நியாயமான குறைக்காக அவன்தான் வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தான். பெயர்: 'மூன்றாவது கிராஸ் குப்பை வண்டி'. வண்டி வராத நாட்களில் பேச வேறு விஷயம் வேண்டியிருந்ததால் ரோஜாப் பூவும் காலை வணக்கமும் வந்தன. பிறகு, ரோஜாவுக்குக் கீழே, 'நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோமா?' என்று ஒரு வரி. பிறகு ரோஜா போய் வரி மட்டும் நின்றது. ஒருநாள் குழுவின் பெயர் 'விழித்தெழு அடுகோடி' என்று மாறியது. குப்பை வண்டிப் படம் இருந்த இடத்தில் நெருப்புக்குள் உறுமுகிற ஒரு சிங்கம். அடுகோடியில் சிங்கம் கிடையாது. பன்னேர்கட்டா மிருகக்காட்சிசாலையில் உண்டு, அதுவும் பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை கிளிஃபர்ட் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டென்சிலுக்குப் பாடம் நடத்தினான். பிரிஜெட் மேசையின் மறு பக்கத்தில் பருப்புப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, 'அவங்க வேலை செய்யறாங்க'ன்னு படிக்காதீங்க. 'நம்ம வேலையைப் பிடுங்கறாங்க'ன்னு படிங்க."

"யார் வேலையப்பா?"

"நம்ம வேலை."

"நான்தான் வி.ஆர்.எஸ். வாங்கிட்டேனே."

"நம்மன்னா நீங்க இல்லண்ணா. பொதுவா நம்ம."

டென்சில் தாளில் திருத்திக்கொண்டார்.

"அப்புறம், பேரு சொல்லக்கூடாது. எந்த ஊர்க்காரங்க, எந்த மதம், ஒண்ணும் வரக்கூடாது. பேரு சொன்னா கேஸ் ஆயிடும். கரையான்னு சொல்லுங்க. கரையான் எந்த ஸ்டேஷன்ல போயி கம்ப்ளெயின்ட் குடுக்கும்?"

"அதுவும் செரிதான்."

"இன்னொண்ணு. எதையும் சொல்லாதீங்க, கேளுங்க. 'அவங்க திருடங்க'ன்னா நம்ம மாட்டிக்குவோம். 'அவங்க யாருன்னு நமக்குத் தெரியுமா?' அவ்ளோதான். கேள்விதானே கேக்கறோம். மிச்சத்த கேக்கறவன் போட்டுக்குவான்."

பிரிஜெட் தலை நிமிராமல் கேட்டாள். "கிளிஃபர்டு, நானும் ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"உங்கப்பா எங்கருந்து வந்தாரு?"

"கே.ஜி.எஃப்.லருந்து."

"அவரு அப்பா?"

"ஆம்பூர் பக்கம்."

"அப்ப நீ கரையானா, ஈசலா?"

கிளிஃபர்ட் பெருந்தன்மையாகச் சிரித்தான். "நாம வந்தது வேறக்கா. அப்ப ஊரு காலியா இருந்திச்சு."

"காலியாவா? கன்னடக்காரங்கல்லாம் எங்க போயிருந்தாங்க, பிக்னிக்கா?"

"பிரிஜெட்," என்றார் டென்சில், "நாங்க முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்."

"காவிரி கலாட்டா வருஷம் உங்கள எதிர்வீட்டு கௌரம்மா அவங்க ராகி மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சாங்களே, அதுவும் முக்கியமான விஷயந்தான். அப்ப வெளியில கத்தினவனும் இதேதான் கேட்டான். உள்ள யாருன்னு தெரியுமான்னு."

டென்சில் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் கௌரம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கிளிஃபர்ட் குரலைப் பதிவு பண்ணப் போனை நீட்டினான். டென்சில் தொண்டையைச் செருமி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கோயிலில் நிற்பது போலவே எழுந்து நின்று வாசித்தார். "அன்பான சகோதர சகோதரிகளே. நம் கூரையின் மேல் யார் குடியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? கரையான் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. விழித்திருங்கள். பகிருங்கள்."

கேட்க அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் பிரிஜெட் பருப்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

பதிவு குழுவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போனதும் பதில்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது அல்சூரிலிருந்து அக்கா ஆஞ்சலா: "இறைவா, உமக்கு நன்றி." தம்பியின் குரல் நின்ற இடத்தில் அவளுக்கு வேறொன்றும் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "தம்பி, கதவுல கரையான்னா மண்ணெண்ணெய் தடவு."

மறுநாள் விடியலில் பிரிஜெட் பால் வாங்கக் கிளம்பினாள். பனி அன்றைக்கு இடுப்பளவு இல்லை, தலைக்கு மேலே. கை நீட்டினால் கை தெரியவில்லை. தெருமுனை வரை நடப்பதற்குள், மூடியிருந்த ஒரு சன்னலுக்குள்ளிருந்து டென்சிலின் குரல் கேட்டது. அன்பான சகோதர சகோதரிகளே. அடுத்த வீட்டு மாடியிலும் அதே குரல், அரை வரி பிந்தி. டீக்கடைக்குள்ளே, நின்றிருந்த ஆட்டோவுக்குள்ளே, யாரோ பல் துலக்குகிற குழாயடியில். ஒன்று முடிக்கும்போது ஒன்று தொடங்கி, பனிக்குள் ஒரு பிரார்த்தனை மாலை போல அது சுற்றிச் சுற்றி வந்தது. கூரையின் மேல், கூரையின் மேல், தெரியுமா, தெரியுமா. முப்பது வருடமாகப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற மனிதர், ஊர் முழுக்கக் கரைந்து போயிருந்தார். அவள் பால் வாங்காமலே திரும்பி வந்தாள். கட்டிலில் அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

குரல் ஓசூர் ரோட்டில் பஸ் ஏறிப் போயிருந்தது. பொம்மசந்திராவில் யாரோ ஒரு வரி சேர்த்தார்கள், அத்திபெலேயில் இன்னொரு வரி. எல்லைவரை போய்த் திரும்பி, நிறைந்த பஸ்ஸாக சனிக்கிழமை காலை வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர், அத்திபெலேயில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் டென்சிலின் சித்தப்பா மகன் டெஸ்மண்ட். குரலுக்குக் கீழே புதிதாக எழுத்து: 'அடுகோடி, மூன்றாவது கிராஸ், பச்சை கேட், மாடி ஷீட் வீடு. ஞாயிறு பூசை முடிந்ததும் போய்க் கேட்போம்.'

டென்சில் அதை இட்லிக்கு நடுவே படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பாத்தியா பிரிஜெட், அத்திபெலே வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"அது உங்க குரல்ங்க."

"குரல் என்னுதுதான். ஆனா விஷயம் டெஸ்மண்ட் அனுப்பினது. அவன் சும்மனே அனுப்ப மாட்டான்."

"பச்சை கேட்டு யாரோடது?"

"எத்தனையோ பேருக்குப் பச்சை கேட்டு."

"மூணாவது கிராஸ்ல?"

அவர் இட்லியைத் தட்டிலேயே வைத்தார். "நம்முது," என்றார்.

"இப்பவே சொல்லுங்க, தப்புன்னு. அதே குரல்ல."

"எப்பிடிச் சொல்றது? குரூப்ல என்னை 'அடுகோடியின் குரல்'னு போட்டிருக்காங்க. இப்ப வாபஸ் வாங்கினா மூஞ்ச எங்க வெச்சுக்கறது?"

"மாடியில ஒரு பொண்ணு இருக்கா."

"சும்மா கேட்டுட்டுப் போயிடுவாங்க. கேள்விதானே."

மதியத்துக்குமேல் நிருபமா வழக்கம் போல இறங்கி வந்தாள். திங்கட்கிழமைக்கான கொட்டையை இருவரும் உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்ததை ஞாயிறன்று நிருபமா மாடியில் பெரிய தூக்கில் ஊறப்போட வேண்டும்.

"ஆன்ட்டி, கரையான்னா இன்னா?"

"ஒரு பூச்சி."

"அங்கிள் ஏன் பூச்சி பத்திப் பேசறாங்க?"

"ரிடையர் ஆயிட்டா அப்பிடித்தான். ஏதாச்சும் பேசணும்."

நிருபமா ஒரு காயைப் பிளந்தாள். உள்ளே கொட்டைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. "பூச்சி மாடியில இருக்காம். பால்காரரு எங்கிட்ட போன்ல காட்டினாரு."

பிரிஜெட்டின் விரல் நின்றது.

"நாங்க போயிடறோம் ஆன்ட்டி. அவரு சந்தாபுரா பக்கம் ரூம் பாக்கறேன்றாரு. நாளைக்கு அவருக்கு ஷிஃப்ட் வேற."

"நீ எங்கயும் போக வேணாம். நாளைக்கு நான் பூசை முடிஞ்சி வந்துடறேன். கதவ உள்பக்கம் தாப்பா போட்டுட்டு இரு. நீ போயிட்டா திங்கக்கிழமைப் பருப்ப யாரு பிதுக்குவா, அங்கிளா?"

நிருபமா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த காயை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், ஊதா நிறத் துணி, மெழுகுதிரி. டென்சில் வாசகத்துக்கு எழுந்தார். வாசகம் சமாதானத்தைப் பற்றியது. குரல் நகர்ந்து வந்தது. பெஞ்சுகளில் தலைகள் மெல்லக் கவிழ்ந்தன; சில பக்தியால், சில தூக்கத்தால். பின்னால் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. டென்சில் முடித்து, நிமிர்ந்து, வழக்கமான இடைவெளி விட்டு, வழக்கமான தணிந்த தொனியில் சொன்னார்: "விழித்திருங்கள். பகிருங்கள்."

"இறைவா, உமக்கு நன்றி," என்றது கோயில்.

பிரிஜெட் இருபுறமும் பார்த்தாள். ஒரு புருவம்கூட உயரவில்லை. சாமியார் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். முன் பெஞ்சில் கிளிஃபர்ட் நெஞ்சில் கைவைத்து நின்றிருந்தான். அல்சூரிலிருந்து இதற்கென்றே வந்திருந்த ஆஞ்சலா உருக்கமாகக் கண்ணைத் துடைத்தாள். பீடத்தருகே டென்சில் மட்டும் தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர் போல, வெளுத்துப் போய், இறங்குவதற்குப் படியைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

அப்படியா சங்கதி, என்று நினைத்தாள் பிரிஜெட்.

அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. பூசை முடித்து வந்தவர்கள், அவர்களோடு தெருக்காரர்கள், லேத் பட்டறை ஆட்கள், டப்பா கொண்டுபோகிற ஆட்டோக்காரர் சீனு. வெயில் ஏறியும் பனி முழுதாகப் போகவில்லை. முகங்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தன. எல்லோருக்கும் தெரிந்த முகங்கள்தான். ஆனால் ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை, அதுதான் புதிது. இரண்டு பேர் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது. விளையாட அல்ல.

மாடியில் தகரக் கதவு மூடியிருந்தது.

பிரிஜெட் மாடிப்படியின் முதல் படியில் நின்றுகொண்டாள். "இன்னா கிளிஃபர்டு, குப்பை வண்டி வந்திருச்சா?"

"நகருங்கக்கா. அந்தம்மாவ இறங்கி வரச் சொல்லுங்க. யாருன்னு கேட்டுட்டுப் போயிடறோம்."

"யாருன்னு உனக்குத் தெரியாதா? அவள இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? 'நல்ல குடும்பம், நான் கேரண்டி'ன்னு சொல்லி எங்கிட்ட ஒண்ணு அவங்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கினது யாரு?"

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்.

"அது தொழில்க்கா," என்றான் கிளிஃபர்ட். "இது கொள்கை."

பின்னாலிருந்து ஒரு குரல், "பேச்சு இன்னாத்துக்கு, ஏறுங்கப்பா," என்றது. கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. மட்டை ஒன்று கேட்டில் மோதி டங்கென்றது. மாடியில், தகரத்துக்குப் பின்னால், ஏதோ பாத்திரம் நழுவி விழுந்தது.

கிளிஃபர்ட் போனைத் தூக்கிப் பிடித்தான், படம் பிடிக்க. "டென்சில் அண்ணா, நீங்க பேசுங்க. உங்க வாயால சொல்லுங்க. ஊரே கேக்குது."

டென்சில் முன்னால் வந்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவர் கை, சட்டைப் பையில், கால்சட்டைப் பையில் தாளைத் தேடியது. இல்லை. கண் பிரிஜெட்டைத் தேடியது. பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

பிரிஜெட் அவசரப்படாமல் சமையலறைக்குள் போனாள். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். "வாசிங்க," என்றாள். "கோயில்ல வாசிக்கற மாதிரி."

தாள் கையில் பட்டதும் டென்சிலின் முதுகு நிமிர்ந்தது. கண்ணாடி ஏறியது. தொண்டை செருமியது.

"திங்கட்கிழமை," என்று வாசித்தார். குரல் பனிக்குள் நகர்ந்தது. "பிதுக்கம்பருப்புக் குழம்பு. கோசுப் பொரியல். ரசம்." இடைவெளி. "செவ்வாய்க்கிழமை. சாம்பார். நூக்கல் கூட்டு. அப்பளம் ஒன்று."

முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கவிழ்ந்து பழகிய தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. மட்டை வைத்திருந்தவன் அதைக் காலுக்கிடையே நிறுத்திவிட்டுக் கைகட்டினான்.

"புதன்கிழமை. முட்டைக் குழம்பு. வேண்டாதவர்களுக்கு வெண்டைக்காய். வியாழக்கிழமை, தக்காளிச் சோறும் தயிர்ப் பச்சடியும். வெள்ளிக்கிழமை..." குரல் இங்கே தணிந்தது, உச்ச உபதேசத்துக்குத் தணிவது போல. "...புளிச்சோறு. டப்பாக்களைக் கழுவித் திருப்பி அனுப்பவும்."

"இறைவா, உமக்கு நன்றி," என்றாள் ஆஞ்சலா முதலில். கூட்டத்தில் பாதி கூடவே சொல்லிவிட்டது. மிச்சப் பாதி, கோயிலுக்குப் போகாத பாதி, மரியாதைக்குக் கும்பிட்டது.

பிறகு சீனு கேட்டார், "அக்கா, புதன்கிழம முட்டை ஒண்ணா ரெண்டா?"

எங்கோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னொருவனுக்குத் தொற்றியது. யாருடைய வீட்டிலிருந்தோ தாளிக்கிற வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கிப் போட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவர் மணியைப் பார்த்தார். "இது வேற வாசகம், இது வேற," என்று கிளிஃபர்ட் போனைப் பிடித்தபடியே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. பனி கலைகிற மாதிரியே, எந்தக் கணத்தில் என்று சொல்ல முடியாமல், கூட்டம் கலைந்தது. மட்டைக்காரர்கள், வந்தது வந்தாகிவிட்டது என்று பட்டறை வாசலில் ஒரு ஓவர் போட்டார்கள்.

டென்சில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தாளை நான்காக மடித்தார். "பிரிஜெட், நான் எதப் படிச்சாலும் ஆமான்றாங்க."

"அது எனக்குக் காலையிலதான் தெரிஞ்சது," என்றாள் அவள். "உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

அவள் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். நிருபமா திறந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தது. "எல்லாம் போயிட்டாங்க. இனி ஒண்ணும் இல்ல," என்றாள் பிரிஜெட். நிருபமா தலையாட்டினாள். "ஆன்ட்டி, முட்டை ஒண்ணுதானே?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால், சுவரோரம், கயிறு கட்டிய பை ஒன்று இருந்ததை பிரிஜெட் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாலைக்குள் மெனு வாசித்த படம் குழுவில் ஏறியது. தலைப்பு: 'அடுகோடியின் குரல், அதிரடி உரை.' கேட்டுப் பார்க்காமலே நூற்றுக்கணக்கானவர்கள் நெருப்பும் கட்டைவிரலும் போட்டார்கள். டெஸ்மண்ட் அதை அத்திபெலேயிலிருந்து மறுபடி டென்சிலுக்கே அனுப்பி, 'கட்டாயம் கேள்' என்று எழுதியிருந்தான்.

திங்கட்கிழமை விடிந்தபோது பனி அதே இடத்தில் நின்றது. பிரிஜெட் சமையலறைக் கதவைத் திறந்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில் தூக்கு இருந்தது, மேலே தட்டு மூடி. திறந்து பார்த்தாள். ஊறப்போட்ட கொட்டை முழுவதும் பிதுக்கியிருந்தது. வெள்ளையும் பச்சையுமாக, ஒரு தோல்கூட ஒட்டாமல், கழுவி, தண்ணீர் வடித்து. தட்டின்மேல் மாடி அறைச் சாவி. ஏறிப் போய்ப் பார்த்தாள். அறை பெருக்கியிருந்தது. பெருக்கிய குப்பை மட்டும் ஒரு பையில் சுருட்டி, யாருக்கும் தொந்தரவில்லாமல், கேட்டுக்கு வெளியே வைத்திருந்தது.

குப்பை வண்டி அன்றைக்கும் வரவில்லை.